‘ஷோட்டர்’ நிரல்: 264 சதுரங்களில் ஓவியரின் நோக்கம் எங்கே இருக்கிறது?

#1 கட்டங்கட்டி

ஜார்ஜ் நீஸ் 1968 வாக்கில் செய்த ‘ஷோட்டர்’ (ஜெர்மன் மொழியில் ஜல்லி) படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குறுக்கே 12, கீழ்நோக்கி 22, மொத்தம் 264 சதுரங்கள். மேல் வரிசை அடுக்கி வைத்தது போல நேராக நிற்கும். கீழே வரவர ஒவ்வொன்றும் சாயும், நகரும், கடைசி வரிசைகளில் கொட்டிய ஜல்லிதான். நீஸ் ஜெர்மனியின் எர்லாங்கனில் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அல்கால் மொழியில் நிரல் எழுதி, கிராஃபோமாட் இசட்64 என்ற வரைகருவியில் மையால் வரைய வைத்தார்.

எனக்கு இரண்டு கேள்விகள். பி5.ஜேஎஸ் என்ற, நிரலால் படம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இதைத் திரும்ப எழுதிப் பழகுகிறவர்களின் படங்களில் சதுரங்கள் கலைகின்றன, ஆனால் சரிவதில்லை. அசலில் இருக்கும் எடை வருவதில்லை. ஏன்?

இரண்டாவது கொஞ்சம் வில்லங்கமானது. விதை எண்ணை, அதாவது சீரற்ற எண்களின் வரிசை எதிலிருந்து தொடங்குகிறதோ அந்த எண்ணை, மாற்றினால் 264 சதுரமும் வேறு மாதிரி விழும். எந்தச் சதுரம் எவ்வளவு சாய வேண்டும் என்று நீஸ் தீர்மானிக்கவில்லை. அப்படியிருக்க, இந்தப் படத்தில் அவருடைய நோக்கம் என்று எதைக் காட்டுவது? தத்துவம் பேச வருகிறவர்கள் எண்ணோடு வந்தால் நல்லது.

#2 சிறுவிதை

முதலில் நிரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

சதுரத்தின் பக்கம் 30 பிக்சல் என்றால் 12 × 30 = 360, 22 × 30 = 660. நாலா பக்கமும் 60 ஓரம் விட்டால் திரை 480 × 780. வரிசை எண் 0 முதல் 21 வரை. கலைவின் அளவு = வரிசை எண் ÷ 21. ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று சீரற்ற எண்கள் எடுங்கள், மூன்றும் −1க்கும் +1க்கும் இடையே. முதல் எண்ணைக் கலைவாலும் 45 பாகையாலும் பெருக்கினால் சாய்வு. மற்ற இரண்டையும் கலைவாலும் 15 பிக்சலாலும் பெருக்கினால் பக்கவாட்டு நகர்வும் மேல்-கீழ் நகர்வும். பிறகு புஷ் (இருக்கும் நிலையைச் சேமிக்க), மையத்துக்கு டிரான்ஸ்லேட் (நகர்த்த), ரொட்டேட் (சுழற்ற), சதுரம், பாப் (சேமித்த நிலைக்குத் திரும்ப).

வழக்கமாக உதைக்கும் இடங்கள்:

புஷ்-பாப் இல்லாமல் எழுதினால் ஒவ்வொரு சாய்வும் முந்தையதன் மேல் ஏறும். பத்துச் சதுரத்துக்குள் எல்லாம் திரைக்கு வெளியே போயிருக்கும்.

சதுரத்தை எந்தப் புள்ளியை வைத்து வரைவது என்று சொல்லும் ரெக்ட்மோடை மையத்துக்கு மாற்றாவிட்டால் சதுரம் தன் மூலையைப் பிடித்துக்கொண்டு சுழலும். கலைவு இருக்கும், ஆனால் மொத்தக் கட்டமும் வலது-கீழாகத் தள்ளி நிற்கும்.

கோண அலகை மறப்பதுதான் பெரிய வினை. பி5 இயல்பாக ரேடியனில் எண்ணும். 45 என்று அப்படியே கொடுத்தால் இரண்டாவது வரிசையிலேயே வீச்சு 45 ÷ 21 = 2.14 ரேடியன், அதாவது ஏறத்தாழ 123 பாகை. முதல் வரிசை நேர், அடுத்ததிலிருந்து ஒரே களேபரம். ஆங்கிள்மோடைப் பாகைக்கு மாற்றுங்கள்.

ஒருமுறை வரைந்ததும் நிறுத்தச் சொல்லும் நோலூப் போடாவிட்டால், வரையும் பகுதியான டிரா நொடிக்கு 60 முறை ஓடி, படம் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

45க்கு மேல் போகாதீர்கள். சதுரம் 90 பாகையில் தன்னைப் போலவே ஆகிவிடும். ±45 வீச்சிலேயே எல்லாச் சாய்வும் அடங்கிவிடுகிறது. ±180 கொடுத்தால் கடைசி வரிசை கூடுதலாக ஒன்றும் கலையாது. கலைவு உச்சத்தைத் தொடும் வரிசை மட்டும் மேலே ஏறிவிடும்.

#3 மைத்துளி

சரிவு வராததற்கு மூன்று காரணம் பார்க்கலாம்.

ஒன்று வரிசைகளின் எண்ணிக்கை. 22 வரிசையில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வீச்சு 2.1 பாகைதான் கூடும். கண்ணுக்குப் படி தெரியாது. திரை அகலமாக இருக்கிறதே என்று 22 பத்தி, 10 வரிசை என்று படுக்க வைத்தால் ஒரு வரிசைக்கு 5 பாகை ஏறும். படி படியாகத் தெரியும், விழுவதற்கு உயரமும் இல்லை. நீஸ் நிமிர்ந்த தாளைத் தேர்ந்ததில்தான் பாதி ஈர்ப்புவிசை இருக்கிறது.

இரண்டு, ஏற்றத்தின் வளைவு. கலைவை அப்படியே பெருக்கினால் பதினோராவது வரிசையில் வீச்சு 21.4 பாகை. கலைவின் வர்க்கத்தை எடுத்தால் அதே வரிசையில் 10.2, இரண்டாவது வரிசையில் வெறும் 0.1. வர்க்கம் போட்டால் மேல் பாதி கிட்டத்தட்ட அசையாமல் நின்று, கீழே திடீரென்று உடையும். பார்க்க நாடகத்தனமாக இருக்கும். எனக்கு நேர் ஏற்றம்தான் பிடிக்கும். மூன்றாவது வரிசையிலேயே ஏதோ சரியில்லை என்று கண் முணுமுணுக்க ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று, எந்தச் சீரின்மை என்பது. ரேண்டமுக்குப் பதில் நாய்ஸ் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. கென் பெர்லின் 1980களில் உருவாக்கிய அந்த முறையில் பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒட்டியே இருக்கும். சதுரங்கள் சேர்ந்து சாயும், அலை மாதிரி. மேகத்துக்கும் தண்ணீருக்கும் சரி, கல்லுக்கு ஆகாது. பி5-இன் நாய்ஸ் பெரும்பாலும் 0.5-ஐச் சுற்றியே நிற்பதால் வீச்சும் சுருங்கிவிடும். நடுவைச் சுற்றியே அதிகம் விழும் காஸியன் பரவல் போட்டால் பெரும்பாலான சதுரங்கள் அடக்கமாக இருந்து, எப்போதாவது ஒன்று மட்டும் தெறிக்கும். திட்டவிலக்கம் 0.5 என்று வைத்தால் சுமார் 20-இல் ஒன்று ±1-ஐத் தாண்டும். அது வேறு படம். மோசம் என்று சொல்லவில்லை.

#4 எதிர்க்கட்சி

எல்லாம் சரிங்க. ஆனா இதுவரைக்கும் பேசினது கைவேலை. ரெண்டாவது கேள்விக்கு யாரும் கிட்டவே வரல.

என் கட்சி இதுதான்: நீஸ் ஒரு விதி எழுதினார். விதிக்கு நோக்கம் இருக்கலாம். படத்துக்குக் கிடையாது. விதை 7 போட்டா ஒரு படம், 8 போட்டா இன்னொரு படம், ரெண்டுமே அந்த விதிக்குச் சம்மதம்தான். சுவத்துல மாட்டுற அந்த ஒத்தைப் படம் கருவி துப்பினது. பதினேழாவது வரிசையில ஒரு சதுரம் அழகா தள்ளி நிக்குதுன்னு சொல்லி, அதுக்குள்ள ஆழம் தேடுறதெல்லாம் பார்க்குறவங்க கற்பனை.

#5 நெல்லை_நிரல்

எதிர்க்கட்சி சார், 1965-லேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் தத்துவப் பேராசிரியர் மாக்ஸ் பென்ஸே ஏற்பாட்டில் நீஸின் கணினி வரைபடங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வந்திருந்த ஓவியர்களுக்குக் கோபம். என் தூரிகை வீச்சை உங்கள் கணினியால் போடமுடியுமா என்கிற மாதிரி ஒருவர் கேட்க, நீங்கள் எப்படிப் போடுகிறீர்கள் என்று சொன்னால் முடியும் என்று நீஸ் பதில் சொன்னார். அப்போது இதே துறையில் இருந்த ஃப்ரீடர் நாக்கே பிற்பாடு இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதிலில்தான் விஷயம். ஓவியரால் சொல்ல முடியாது. கை செய்துவிடும், வாய்க்கு வராது. நிரல் எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. 45, 15, 22 என்று எல்லாவற்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். ஆக நோக்கம் என்று நாம் சொல்வதில் பாதி எழுதப்பட்ட எண்ணாக வெளியே கிடக்கிறது. மீதியைத்தான் தேட வேண்டும்.

#6 சிறுவிதை

மீதியைத் தேட ஒரு செய்முறை இருக்கிறது.

எல்லா எண்ணையும் நிறுத்தி வைத்துவிட்டு, விதையை மட்டும் மாற்றி 24 படம் எடுங்கள். ஒரே தாளில் 6 × 4 என்று சின்னச் சின்னதாக அச்சிடுங்கள். பிடித்ததைத் தேடவேண்டாம், ஆகாததை முதலில் அடியுங்கள். அடிக்கும்போதே பக்கத்தில் காரணத்தைப் பென்சிலால் எழுதுங்கள்: இடது ஓரம் காலி, இரண்டு சதுரம் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டது, கடைசி வரிசை தற்செயலாக நேராக நிற்கிறது, இப்படி.

எழுத முடிந்த காரணமெல்லாம் விதியாக மாறும். இரண்டு சதுரம் படுத்துவிடுகிறது என்றால், இரு மையங்களுக்கு இடையே 18 பிக்சலுக்குக் குறைந்தால் அந்தச் சதுரத்துக்கு எண்ணைத் திரும்ப எடு என்று ஒரு வரி. அதைச் சேர்த்து மறுபடி 24. இப்படி இரண்டு, மூன்று சுற்றுப் போனபிறகும் சில படங்களை அடிப்பீர்கள், காரணம் எழுத வராது. அந்த இடம்தான் இந்த இழையின் தலைப்பு.

#7 மைத்துளி

திரும்ப எடு என்கிற வரியில் ஒரு பொறி உண்டு. ஒரு சதுரத்துக்குக் கூடுதலாக ஒரு எண் எடுத்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லாச் சதுரமும் வேறு எண்ணைப் பெறும். ஐந்தாவது வரிசையில் ஒன்றைத் திருத்தப் போய், கீழே 17 வரிசையும் மாறிவிடும். பிடித்த படம் கையைவிட்டுப் போகும்.

#8 நெல்லை_நிரல்

அதற்குத்தான் சதுரத்துக்கு ஒரு விதை. வரிசை × 1000 + பத்தி என்று ஒரு எண்ணைச் செய்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் முன் விதையை அமைக்கும் ரேண்டம்சீடுக்குக் கொடுத்துவிட்டால் ஒன்றின் மாற்றம் மற்றதைத் தொடாது.

#9 சிறுவிதை

பி5-இல் அப்படிச் செய்தால் வரிசை வரிசையாக ஒரே பக்கம் சாயும்! காரணம் உள்ளே இருக்கும் கணக்கு. பி5 1.x பதிப்புகளில் விதை கொடுத்த சீரற்ற எண் இப்படி வருகிறது: விதையை 1664525-ஆல் பெருக்கி, 1013904223 கூட்டி, 4294967296-ஆல் வகுத்த மீதி, அதைத் திரும்ப 4294967296-ஆல் வகுத்தால் 0க்கும் 1க்கும் இடையே ஒரு எண். விதை ஒன்று கூடினால் முதல் எண் 0.0004 அளவுதான் கூடுகிறது. பக்கத்துப் பத்திகளின் விதைகள் 3001, 3002, 3003 என்று போனால் 12 சதுரத்தின் சாய்வும் கிட்டத்தட்ட ஒன்றே. பார்த்தால் யாரோ வேண்டுமென்றே செய்தது போலவும் இருக்கும், அதுதான் ஆபத்து.

சரியான வழி: வரைவதற்கு முன்பே 264 × 3 = 792 எண்ணையும் ஒரே விதையில் எடுத்து ஒரு பட்டியலில் போட்டுவிடுங்கள். வரையும்போது பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள். மாற்று எண் வேண்டுமானால் அதற்கென்று இரண்டாவது பட்டியல், அதிலும் ஒவ்வொரு சதுரத்துக்கும் தனி இடம். கோப்புப் பெயரில் விதை, பி5 பதிப்பு எண், வளைவு மூன்றையும் சேர்த்துச் சேமியுங்கள்.

#10 எதிர்க்கட்சி

பாருங்க, 12 சதுரம் ஒரே பக்கம் சாஞ்சா ‘வேண்டுமென்றே செய்தது போல’ன்னு நீங்களே சொல்றீங்க. அது பிழை. ஆனா பார்க்குறவனுக்கு அதுதான் நோக்கமா தெரியும். அப்ப நோக்கம் பார்க்குறவன் தலையிலதானே இருக்கு?

#11 கட்டங்கட்டி

இதற்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பொறியாளர் மைக்கேல் நோல், டச்சு ஓவியர் மாண்ட்ரியனின் 1917-ஆம் ஆண்டுக் கோட்டோவியம் ஒன்றைப் பார்த்து, அதே மாதிரிக் குறுக்கும் நெடுக்குமான சிறு கோடுகளைச் சீரற்ற எண்ணால் இட்டு 1964-இல் ஒரு படம் செய்தார். இரண்டின் நகலையும் 100 பேரிடம் காட்டிக் கேட்டார். 59 பேருக்குக் கணினிப் படமே பிடித்தது. எது கணினி செய்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான்.

கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலே 50 வரவேண்டும், வந்தது 28. அதாவது ஆட்கள் குழம்பவில்லை, தெளிவாகவே மாற்றிச் சொன்னார்கள். ஒழுங்கு அதிகமாக இருந்த மாண்ட்ரியனை இயந்திரம் என்றும், சிதறலை மனிதக் கை என்றும் எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சி சொல்வதற்கு இது சாதகம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கிறவர் நோக்கத்தைத் தவறாக ஊகிக்க முடிகிறது என்றால், தவறு என்று சொல்ல அங்கே ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

#12 யாழ்வரி

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். ஓவியர் வேரா மோல்னாரை ஒருத்தரும் சொல்லேல்லை. புடாபெஸ்டில 1924-இல பிறந்து பாரிஸில வாழ்ந்தவ, 2023-இல காலமானா. கணினி கைக்கு வர முதலே, விதியை எழுதி வைச்சுக்கொண்டு தானே இயந்திரம் மாதிரி கையால வரைஞ்சவ. 1968-இலதான் உண்மையான கணினி. ஒழுங்குக்குள்ள 1 சதவீதக் குழப்பம் எண்டது அவவின்ர பெயரோட ஒட்டின விசயம்.

அதை இங்க செய்து பாருங்கோ. 264-இல 1 சதவீதம் எண்டால் 2.6, மூண்டு எண்டு வைப்பம். 261 சதுரம் நேர, மூண்டு மட்டும் சாய்வு. இப்ப விதையை மாத்துங்கோ. ஒவ்வொரு படமும் முழுக்க வேற. மூண்டும் ஒரு மூலைக்குள்ள நிண்டால் ஒரு கதை, தள்ளித் தள்ளி நிண்டால் இன்னொரு கதை. 264-உம் சாய்ஞ்ச படத்தில விதை மாறினாலும் தூர நிண்டு பாத்தால் அதே படம்தான். எதிர்க்கட்சியின்ர விதை 7, விதை 8 கேள்விக்கு விடை எத்தினை சதுரம் அசையுது எண்டதிலதான் இருக்கு. தற்செயல் குறையக் குறைய, ஆர் தெரிவு செய்தது எண்ட கேள்வி கூடிக்கொண்டு வரும்.

#13 சிறுவிதை

இது நல்ல அளவுகோல். செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு சேர்ப்பு: மூன்று சதுரத்துக்கும் ±45 வீச்சில் எண் எடுத்தால் சில விதைகளில் சாய்வு 2 பாகையாக வந்து, படம் அச்சுப்பிழை போல் தோன்றும். குறைந்தபட்சச் சாய்வு 8 பாகை என்று வையுங்கள். அதையும் 4-க்கு இறக்கிப் பாருங்கள். எந்த எண்ணில் ‘பிழை’ என்பது போய் ‘குறும்பு’ என்று ஆகிறது என்பது அச்சின் அளவைப் பொறுத்து மாறும். ஏ4-இல் ஒன்று, ஏ2-இல் ஒன்று.

#14 வாசல்புள்ளி

கோலத்தில் நேர் எதிர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி 1974-இல் வெளியிட்டார்கள். அங்கே சீரற்ற எண்ணுக்கே வேலையில்லை. புள்ளி வரிசை, கோடு புள்ளியைச் சுற்றும் விதம், இழை மூடவேண்டும் என்கிற கட்டாயம் எல்லாம் முன்பே முடிவானவை. ஆனாலும் ஒரே 7 புள்ளிக்கு எத்தனையோ கோலம் சட்டப்படி சரி. அதில் ஒன்றை எடுத்துப் போடுகிறவர் ஏன் அதை எடுத்தார் என்று இலக்கணம் சொல்லாது. தற்செயல் இல்லாவிட்டாலும் உங்கள் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

#15 மைத்துளி

தாளுக்கு வருகிறவர்களுக்காக வரைகருவி விஷயம். நோக்கம் பற்றிய சண்டை முக்கால்வாசி இங்கேதான் கைகலப்பாகும்.

ஏ3 தாள், சதுரத்துக்கு 15 மி.மீ. என்றால் படம் 180 × 330 மி.மீ. வழவழப்பான 200 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள், 0.3 மி.மீ. நிறமிப் பேனா. நீஸ் படத்தில் மேல் வரிசைகளில் பக்கத்துச் சதுரங்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தக் கோட்டில் பேனா இருமுறை போகும், மை கூடும், மெல்லிய தாளானால் கிழியவும் செய்யும். கீழே சதுரங்கள் பிரிந்ததும் கோடு ஒற்றையாகி மெலியும். மேலே கனம், கீழே லேசு. இது எந்த எண்ணிலும் எழுதப்படவில்லை.

வரைகருவிக்குக் கோப்பைத் தயார்செய்யும் விபைப் போன்ற மென்பொருளில் இரட்டைக் கோட்டை நீக்கிவிட்டால் வரைவது வேகமாகும், இந்தக் கனவேறுபாடு போய்விடும். அதைவிட மோசம் ஆக்கல்ட் செருகுநிரல்: பின்னால் இருக்கும் கோட்டை மறைத்துவிடும். கம்பிச் சட்டங்களாக ஒன்றுக்குள் ஒன்று தெரிய வேண்டிய சதுரங்கள் ஓடு அடுக்கியது போல் ஆகிவிடும். லைன்சார்ட் மட்டும் போடுங்கள், பேனா வெறுமனே பயணிக்கும் தூரம் குறையும், படம் மாறாது.

சதுரம் தொடங்கி முடியும் மூலையில் மைப்பொட்டு வருகிறதென்றால், பேனா கீழே இறங்கியபின் காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். மூலை மூடாமல் இடைவெளி தெரிந்தால் முதல் பக்கத்தின் மேலேயே 0.5 மி.மீ. கூடுதலாக ஓடவிடுங்கள்.

#16 எதிர்க்கட்சி

மேலே கனமா இருக்குறது யார் எண்ணிலயும் இல்லன்னு சொல்றீங்க. ஆனா அதை நீக்குனா படம் கெட்டுப்போச்சுங்கறீங்க. நீஸ் அதை நெனச்சாரா இல்லையா?

#17 நெல்லை_நிரல்

முன்கூட்டி நினைத்தாரா என்பது அவர் தலைக்குள் போன விஷயம். வந்ததைப் பார்த்தார், கிழித்துப் போடவில்லை, வெளியிட்டார். எனக்கு அது போதும். நோக்கம் என்றால் படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று ஏன் அடம்?

#18 எதிர்க்கட்சி

அப்ப செயற்கை நுண்ணறிவுப் படத்துலயும் அதே கதைதானே. கேட்டுக் கேட்டு வாங்கி, பிடிச்சதை வெச்சுக்குறாங்க. அவங்களும் ஓவியர்தானா?

#19 கட்டங்கட்டி

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ‘இல்லை’ என்றது. 2022 கொலராடோ மாநிலக் கண்காட்சியில் பரிசு வாங்கிய, மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியில் செய்த படத்துக்கு, 624 முறை கட்டளை திருத்தியதாகச் சொல்லியும், 2023-இல் பதிவு மறுக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், 1960களில் நோலின் ஒரு படத்தையும் இதே அலுவலகம் இயந்திரம் செய்தது என்று முதலில் திருப்பி அனுப்பியது; நிரலை எழுதியது மனிதர் என்று விளக்கியும் சீரின்மையைக் காட்டி மறுபடி மறுத்தது; அந்த எண்களும் கணக்கின்படி வருபவைதான் என்று விளக்கியபின் ஏற்றுக்கொண்டது.

என் பார்வையில் வித்தியாசம் சிறுவிதையின் 24 படச் சோதனையில் தெரியும். நீஸ் பாணி நிரலில் ‘ஆகாது’ என்பதற்கான காரணத்தை நீங்களே ஒரு எண்ணாகத் திருப்பி எழுதலாம்: 18 பிக்சல், 8 பாகை. மிட்ஜர்னியில் காரணத்தைச் சொல்லிப் பார்க்கலாம், அது கேட்டதா என்று உறுதி இல்லை. சொந்தக் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் செய்யும் செயற்கை நுண்ணறிவை ஓட்டி, விதை முதலான அமைப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவைத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றுகிறவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அந்த விவாதத்துக்குத் தனி இழை தொடங்கலாம், இங்கே வேண்டாம்.

#20 யாழ்வரி

ஒரு சின்னக் கேள்வி. கடைசி வரிசையில சதுரங்கள் சட்டத்துக்கு வெளியால போகுது. வெட்டலாமோ?

#21 மைத்துளி

வெட்டாதீர்கள். நகர்வு 15 பிக்சல், மூலைவிட்டத்தின் பாதி 21.2, இரண்டும் சேர்ந்தால் மையத்திலிருந்து 36.2. கட்டத்தின் விளிம்பு மையத்திலிருந்து 15 தள்ளி இருப்பதால் வெளியே தெறிப்பது அதிகபட்சம் 21 பிக்சல்தான், 60 ஓரத்துக்குள் அடங்கிவிடும். கீழ் ஓரத்தை மட்டும் 90 ஆக்கிப் பாருங்கள். சமமாக விட்டால் கற்கள் தாளின் அடியில் முட்டுவது போல் இருக்கும்.

#22 சிறுவிதை

90 அதிகம். 75 போதும். 90-இல் விழுந்து முடிந்துவிட்டது போல் இருக்கிறது, 75-இல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.